ஊற்றுப் படிப்பு படித்த முள்ளெலி

காரைக்காட்டு முள்ளெலி மரிக்கொழுந்துக்கு அன்று ஒரே பூரிப்பு! மூன்று வருஷம் மூக்கைத் தேய்த்துப் படித்த ஊற்றுப் படிப்பு முடிந்து பட்டம் வந்துவிட்டது. பட்டம் என்றால் ஒரு பெரிய ஆல இலை. கல்லூரித் தலைவர் நாரையார் அதில் தன் கால் தடத்தைப் பதித்துக் கொடுப்பார். மரிக்கொழுந்து அதை முதுகு முள்ளில் செருகிக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று சுற்று வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.

ஊற்றுப் படிப்பு வேறொன்றுமில்லை. மண்ணை முகர்ந்து பார்த்து, அடியில் எத்தனை சாணில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்பு காட்டில் கொடிய வறட்சி வந்தது. அப்போது மூக்கு நன்றாக இருந்த இரண்டு காட்டுப் பன்றிகளை யானைக் கூட்டம் ஊற்று தேட வேலைக்கு வைத்துக்கொண்டது. வேளாவேளைக்குக் கிழங்கு. போக வர யானைச் சவாரி! அதைப் பார்த்த பிறகு காடு சும்மா இருக்குமா? நாரையார் உடனே கல்லூரி திறந்தார். வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பிடித்து அதில் சேர்த்துவிட்டார்கள். மரத்தை விட்டு இறங்கவே பயப்படும் அணில் பையன்கூட ஊற்றுப் படிப்புதான்!

இவர்கள் படித்து முடிக்கிற வருஷம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. ஆவணியில் பிடித்த மழை விடவே இல்லை. யானைகள் நின்ற இடத்தில் தும்பிக்கையை நீட்டினால் தண்ணீர். பிறகு ஊற்று எதற்கு?

ஆனாலும் மரிக்கொழுந்து வேலை கேட்டுப் போனாள். யானைகளுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்த மந்தியார் புளிய மரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே நாற்பத்தோரு பட்டதாரிகள், நாற்பத்தோரு ஆல இலைகள்.

"படிப்பு?" என்றார் மந்தியார்.

"ஊற்றுப் படிப்பு, ஐயா. முதல் வகுப்பு!"

"முன் அனுபவம்?"

"இப்பதானே ஐயா படிச்சு முடிச்சிருக்கேன்."

"அஞ்சு வருஷ அனுபவம் வேணுமே!"

"ஐயா, இந்தப் படிப்பை ஆரம்பிச்சே அஞ்சு வருஷம் ஆகலையே!"

மந்தியார் புளியங்காயை ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தார். "அதுக்கு நான் என்னம்மா பண்றது? அடுத்த ஆள்!"

வீட்டில் அம்மா முள்ளெலி எதுவும் கேட்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "வா கண்ணு, சாப்பிடு" என்றாள். தினமும் விடிந்ததும் வேப்ப மரத்தடியில் ஒரு பூ வைத்து, "தாயே, என் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு" என்று கும்பிட்டுவிட்டுத்தான் அவள் மற்ற வேலையைப் பார்ப்பாள்.

அம்மா கேட்காததைக் காடே கேட்டது. "என்னம்மா, வேலை ஏதும் அமைஞ்சுதா?" இந்தக் கேள்வி தூரத்தில் வந்தாலே மரிக்கொழுந்து பந்தாகச் சுருண்டுகொள்வாள். பந்திடம் யார் என்ன கேட்க முடியும்?

கூடப் படித்த கீரி ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தான். "மரிக்கொழுந்து! நான் மேற்படிப்பு சேர்ந்துட்டேன்!"

"என்ன படிப்புடா?"

"ஊற்றுப் படிப்பேதான். இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் பெரிய இலை!"

இந்தச் சமயத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மாமா மைனாவிடம் சொல்லி அனுப்பினார். "ஐப்பசிப் பௌர்ணமிக்குள்ள வேலை அமையலைன்னா மருமகளை இங்கே அனுப்பிடு, தங்கச்சி. என் கரையான் புற்றுக்குக் காவல் இருக்கட்டும். படிச்சது போதும்!"

மரிக்கொழுந்து நாளை எண்ண ஆரம்பித்தாள். மலைக்கு அப்பால் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருவதே பெரிது. அப்பா இல்லாத வீடு. அம்மா தனியாக என்ன செய்வாள்? படித்த படிப்பும் புற்றைச் சுற்றிச் சுற்றி நடப்பதில் மறந்துபோகும். பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பதே நாள்!

அடுத்த நாள் காலை கொட்டித் தீர்த்த மழையில் முயல் குடியிருப்பு முழுகிவிட்டது. வெள்ளையம்மா முயல் தன் ஏழு குட்டிகளோடு ஒரு பாறை மேல் நின்றாள். அவள் புருஷன் புது வளை தோண்டிக்கொண்டிருந்தான். ஒரு முழம் போனதும் தண்ணீர். இன்னோர் இடம். அங்கேயும் தண்ணீர்!

அந்த வழியாக வந்த மரிக்கொழுந்தை வெள்ளையம்மா பார்த்துவிட்டாள். "வாம்மா படிச்ச பொண்ணு! மூணு வருஷம் தண்ணியைப் பத்தியே படிச்சியே, இந்தத் தண்ணியைக் கொஞ்சம் போகச் சொல்லேன்!"

மரிக்கொழுந்து சுருளப் போனாள். அதற்குள் பாறை மேல் வெடவெடவென்று நடுங்கும் குட்டிகள் கண்ணில் பட்டன. சுருள மனம் வரவில்லை. முதுகிலிருந்த ஆல இலையை உருவி நீட்டினாள்.

"இதைப் பிள்ளைங்க மேல போர்த்துங்க, அக்கா."

"அய்யய்யோ, இது உன் பட்டமாச்சே!"

"இருக்கட்டும். முதல்ல பிள்ளைங்க நனையாம இருக்கட்டும்."

வெள்ளையம்மாவின் குரல் இறங்கிவிட்டது. அதற்குள் அவள் புருஷன் வேறோர் இடத்தில் காலை வைத்தான். மரிக்கொழுந்தின் மூக்கு தானாகத் துடித்தது.

"அண்ணே, அங்கே வேண்டாம்! ரெண்டு சாணில தண்ணி வரும்!"

தோண்டினான். ரெண்டு சாணில் வந்தது.

"அப்ப இங்கே?"

"ஒரு முழம்!"

வந்தது. வெள்ளையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, தண்ணி இருக்கிற இடம்தான் எங்களுக்கே தெரியுதே! இல்லாத இடம் எதுன்னு சொல்லுடி!"

மரிக்கொழுந்து அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு பரீட்சையில்கூட நாரையார் இதைக் கேட்டதில்லை! தண்ணீர் வாசனை இல்லாத இடத்துக்கு 'வீண் நிலம்' என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். எழுதி எழுதி விட்டுவந்த அந்த வீண் நிலம்!

மூக்கைத் தரையில் வைத்து ஓடினாள். ஓடையைத் தாண்டினாள், காரைப் புதரைச் சுற்றினாள், கரட்டு மேட்டில் போய் நின்றாள்.

"இங்கே வாங்க! மூணு முழத்துக்கு ஈர வாசனையே இல்லை!"

முயல் தோண்டினான். பொலபொலவென்று வெதுவெதுப்பான மண் வந்தது. மதியத்துக்குள் ஏழு குட்டிகளும் வளைக்குள் கால் நீட்டித் தூங்கின. வெள்ளையம்மா மரிக்கொழுந்தின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கையில் முள் குத்தியது. அதற்கும் சிரித்தாள்!

மறுநாள் எலிகள் வந்தன. அதற்கு மறுநாள் நரிக் குடும்பம். சாரைப் பாம்புகூட வந்தது. "எனக்கும் ஒரு இடம் பார்த்துக் கொடும்மா!"

"பார்க்கிறேன் ஐயா. ஆனா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க!"

அவரவர் தங்களால் ஆனதைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் பழம், ஒருவர் ஈசல், ஒருவர் மெத்தைக்குக் காய்ந்த புல். ஒரு மூக்கு போதவில்லை. கீரியையும் அணிலையும் கூப்பிட்டாள். "மேற்படிப்பு எங்கேயும் ஓடிடாது. வாங்கடா, மூக்குக்கு வேலை இருக்கு!"

பௌர்ணமி அன்று காலை, மூச்சிரைக்க மலை ஏறி இறங்கி, சேறும் சகதியுமாகத் தாய்மாமாவே வந்து சேர்ந்தார். மரிக்கொழுந்து சட்டென்று அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அழைத்துப் போக வந்துவிட்டாரா?

"மருமகளே!" என்றார் மாமா, பரிதாபமாக. "என் புற்றெல்லாம் ஊறிப்போச்சு. கரையானும் போச்சு. காயுற மாதிரி ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடேன்!"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, இவளுக்கு முன் அனுபவம் இருக்கான்னு கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

"கேலி பண்ணாதே தங்கச்சி. காடு முழுக்க இவ பேச்சுதான்! இவ இங்கேயே இருக்கட்டும், ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போகட்டும்!"

"வரேன் மாமா. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க. வரிசையில நில்லுங்க!" என்றாள் மரிக்கொழுந்து. அம்மா திரும்பி வேப்ப மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அந்த ஆல இலை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? முயல் குட்டிகள் மூன்றாம் நாளே தின்றுவிட்டன, நாரையார் கால் தடத்தோடு! ஆனால் மரிக்கொழுந்திடம் அதை யாரும் கேட்கவே இல்லை.

நாரையார் சும்மா இருப்பாரா? மறு வாரமே 'உலர்நிலப் படிப்பு' என்று புது வகுப்பு திறந்துவிட்டார். வாசலில் அரைக் காடு வரிசையில் நின்றது. தன் கடைக்குட்டியைச் சேர்க்க வந்த வெள்ளையம்மா கேட்டாள்: "மரிக்கொழுந்து, இதுல சேர்த்தா வேலை நிச்சயம்தானே?"

"நல்லா படிக்கட்டும், அக்கா. ஆனா படிச்சு முடிக்கிற அன்னைக்கு மழையோ வெயிலோ, யார் கண்டா? அன்னைக்குக் காட்டுக்கு என்ன வேணும்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. அதுதான் முக்கியம்!"

படித்த படிப்புக்கு வேலை தேடி வரும் என்று சுருண்டு கிடப்பவரைவிட, படித்ததை வைத்து யாருடைய குறையைத் தீர்க்கலாம் என்று கண் திறந்து பார்ப்பவருக்கே வேலை அமையும்.