கூலி வாங்காத நண்டு

காட்டு நடுவே ஒரு குளம். குளத்துக்கு ஒரு மண்கரை. அந்தக் கரைமேல் உயிரையே வைத்திருந்தது கடுக்கன் என்ற நண்டு.

"கரையில் வளை தோண்டுகிற இனமாயிற்றே!" என்கிறீர்களா? கடுக்கன் வேறு மாதிரி! மற்ற நண்டுகள் தோண்டிப் போட்ட வளைகளைத் தேடித் தேடிச் சேறு வைத்து அடைக்கும். பிறகு கொடுக்கால் தட்டிப் பார்த்துப் பூரித்துப் போகும்.

கரைக்கு மேஸ்திரி ஒருவர் இருந்தார், நாரையார். நீர்நாய் பிடித்துத் தரும் கெண்டைதான் அவருக்குக் கூலி. வேலையில் கெட்டிக்காரர், பொய் சொல்லக்கூடாது. கடுக்கனைக் கண்டால் மட்டும் வாய் சும்மா இருக்காது.

"என்னடா, இன்றைக்கு எவ்வளவு கூலி?"

"ஒன்றுமில்லை, மேஸ்திரி!"

"பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்? சுத்த ஆர்வக்கோளாறு!"

குளமே சிரிக்கும். கடுக்கனுக்கு முகம் வாடிப்போகும். ஆனாலும் மறுநாள் சேற்றோடு வந்து நிற்கும்.

அந்த ஆண்டு கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஒரு காலையில் ஆள்காட்டிக் குருவி அலறியது.

"ஐயோ! கரை கசிகிறது! கீழே என் முட்டைகள் இருக்கின்றனவே!"

நாரையார் பறந்து வந்து பார்த்தார். "ஓட்டையின் வாய் குளத்துக்குள்ளே, நாணல் வேருக்கடியில் இருக்கிறது. இந்த இழுப்பில் இறங்குகிறவன் திரும்ப மாட்டான். எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள்!"

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் முட்டைக்குக் கால் ஏது?

தொபுக்! கடுக்கன் குதித்துவிட்டது!

"அடேய், பைத்தியமா உனக்கு? இதற்கு யார் கூலி தருவார்கள்?" என்று அலறினார் நாரையார்.

அதற்குள் தண்ணீர் கடுக்கனைச் சுழற்றி இழுத்துக்கொண்டு போனது. ஓட்டை வாயில் அது குறுக்கே மாட்டிக்கொண்டது. கால்களை அகல ஊன்றியது. ஒரு கொடுக்கு முறிந்தே போனது! "என் கரை! என் கரை!" என்று முனகியபடி இன்னும் அழுந்திக்கொண்டது. கசிவு மெலிந்தது.

"சேறு கொண்டுவாருங்கள்! சீக்கிரம்!" என்று கத்தியவர் யார் தெரியுமா? நாரையார்தான்! முதல் உருண்டையை அவரே அலகால் இறக்கினார். ஆமை, தவளை, நீர்நாய் எல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்தன. ஓட்டை அடைபட்டது! ஆமை கடுக்கனைச் சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்தது. முட்டைகள் நனையவே இல்லை!

ஆள்காட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி இவரை யாரும் ஆர்வக்கோளாறு என்று சொல்லாதீர்கள்! ஆர்வலர் என்று சொல்லுங்கள்!"

"இரண்டிலும் ஆர்வம்தானே இருக்கிறது?" என்றது தவளை.

"இருக்கட்டுமே! ஆர்வம் என்றால் நம் முன்னோர் பேச்சில் அன்பு. அன்பு வைத்தவர் ஆர்வலர். பிறந்தபோது அந்தச் சொல்லில் கேலியே கிடையாது. நாம்தான் ஒட்டவைத்தோம்!" என்றது ஆள்காட்டி.

மாலையில் நீர்நாய் வழக்கம்போல் கெண்டையை நீட்டியது. நாரையார் அலகைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம். இன்றைக்கு நானும் ஆர்வலன்!"

கடுக்கன் மிச்சமிருந்த கொடுக்கால் கரையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தது.

கூலி நம்மைக் கரைவரை கொண்டுவந்து விடும், உள்ளே குதிக்க வைப்பது அன்புதான்.