ருத்ரனுக்குப் பெண் பார்த்தது

மாத நாவல் உலகத்தில் அமுதரூபன் என்றால் காதல் சக்கரவர்த்தி. அவர் கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவார். மீதியை எழுதி, டைப் அடித்துக் கொடுப்பவள் வேதவல்லி. இந்த வருஷம் மட்டும் எட்டு வில்லன்களைக் குளிப்பாட்டித் தலைவாரிக் காதலர்களாக்கி அனுப்பியிருந்தாள். அலுத்துப்போயிருந்தது.

ஒன்பதாவதாக வந்து சேர்ந்தான் ருத்ரன்.

“போன மாச வில்லன்தான் இந்த மாச ஹீரோ,” என்றார் அமுதரூபன். “அவன் செஞ்சது எதையும் மாத்தக் கூடாது. ஆனா படிக்கிற பொண்ணுங்க உருகணும்.”

“ஒரு பொண்ணைக் குடோன்ல மூணு நாள் பூட்டி வெச்சவன் சார். அவ அண்ணன் காலை உடைச்சவன்.”

“கண்ணுல கொஞ்சம் சோகம், மேல கொஞ்சம் நிலா வெளிச்சம். அவ்வளவுதான். முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோ.”

வேதவல்லி ஒரு பெருமூச்சோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அமுதரூபன் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம் அது. தரகர் அனுப்பும் பயோடேட்டாக்கள் தினமும் ஆபீஸுக்கே வரும். மறுநாள் காலை அந்தக் கட்டின் மேலே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு தாள் இருந்தது. அவசரமாகப் படித்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“சொந்த பங்களாவாம்! பொண்ணைப் பூட்டி வெச்சானாம், காலை உடைச்சானாம்! இந்தப் பொறுக்கிக்கா என் பொண்ணு? எவன் கொண்டுவந்தான் இதை?”

“நான்தான் சார். பேரைப் பாருங்க,” என்றாள் வேதவல்லி.

பார்த்தார். ருத்ரன் என்று இருந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னபடி அவன் செஞ்சது எதையும் மாத்தலை சார். நிலா வெளிச்சத்தை மட்டும் எடுத்துட்டேன்.”