மாடக்கண்ணு தலையாட்டும் வரை

"மாடக்கண்ணுவைத் தோக்கடிக்க எனக்கு ஒரு வாதம் வேணும், அம்மா" என்றார் செண்பகராமன்.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார்.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதில் தருக்கம் சொல்லிக்கொடுப்பவர் உலகம்மை. வயது நாற்பது. சீடர் செண்பகராமனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் உலகம்மையை அம்மா என்பார். உலகம்மை அவரை அண்ணாச்சி என்பார். தருக்கத்தில் இதற்கு விளக்கம் கிடையாது.

ஊரில் இரண்டு கட்சிகள். குடைக் கட்சிக்குச் செண்பகராமன் தலைவர். விசிறிக் கட்சிக்கு மாடக்கண்ணு. இரண்டு சின்னமுமே வெயிலுக்கு எதிரானவை. ஊரில் இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்ன வழக்கு?"

"பாலம்தான்மா. ஆத்துக்குக் குறுக்க சர்க்கார்ல ஒரே ஒரு பாலம் குடுத்திருக்காங்க. பள்ளிக்கூடம் போற வழி, மேல்துறையில கட்டணும்னு நான் சொல்றேன். சுடுகாட்டுக்குப் போற கீழ்த்துறையிலதான் கட்டணும்னு அவன் ஒத்தைக் கால்ல நிக்கான். நாளன்னைக்குக் கூட்டம். ரெண்டு பேரும் ஒத்துக்கலைன்னா பாலம் வேற ஊருக்குப் போயிரும்."

"நடுவில கட்டுனா?"

"அதையும் பேசிப் பாத்தாச்சு. நடுவில எருமை மட்டும்தான் கடக்கு. எருமைக்கு எதுக்குப் பாலம்?"

உலகம்மை ஒப்புக்கொண்டார்.

"வாதம் தாரேன் அண்ணாச்சி. ஆனா முறைப்படி கேளுங்க."

முறை செண்பகராமனுக்குத் தெரியும். பழைய வாதநூல்களின் முறை. தன் தரப்பைச் சொல்லும் முன் எதிராளியின் தரப்பைச் சொல்லியாக வேண்டும். பரபக்கம் முதலில், சுபக்கம் பிறகு.

உலகம்மை இதில் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். சொன்னதைக் கேட்டு, இதுதான் என் தரப்பு என்று எதிராளி தலையாட்ட வேண்டும்.

அந்த மடத்தில் அதுவரை மறுக்கப்பட்டவர்கள் எல்லாரும் செத்துப் பல நூறு ஆண்டு ஆனவர்கள். ஆகவே தலையாட்டும் விஷயத்தில் ஒருவரும் சிரமம் கொடுத்ததில்லை.

"அவன் தரப்பு என்ன பெரிய தரப்பு" என்றார் செண்பகராமன். "கீழ்த்துறைப் பக்கத்துல அவன் மச்சினன் செங்கல் சூளை வச்சிருக்கான். லாரி போக வழி வேணும். அவ்வளவுதான்."

உலகம்மை அசையாமல் இருந்தார்.

"தலையாட்டுங்களேன்மா."

"நான் மாடக்கண்ணு இல்லையே."

*

மாடக்கண்ணு தன் வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தலைவரே. வழி தவறிருச்சோ?"

"உன் தரப்பைச் சொல்ல வந்திருக்கேன்."

"என் தரப்பை நீரு சொல்லணுமா? எனக்கு என்ன வாய் இல்லையா?"

"மடத்து முறை. நான் சொல்வேன். சரியா இருந்தா நீ தலையாட்டணும்."

மாடக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நடத்தும். டிக்கெட் இல்லாத கூத்து."

செண்பகராமன் செங்கல் சூளையைச் சொன்னார்.

"அந்தச் சூளை அணைஞ்சு ரெண்டு வருசமாச்சு. மச்சினன் திருப்பூர்ல பனியன் தைக்கான்."

"அப்போ ஓட்டு. கீழத்தெரு ஓட்டு பூரா வேணும் உனக்கு."

"கீழத்தெரு எனக்குப் பாலம் இல்லாமலே போடும்வே."

"பிறகு எதுக்குத்தான் கேக்கே?"

"சொல்ல வந்தது நீருல்லா."

ஆடு மட்டும் தலையை ஆட்டியது. அது அகத்திக்கீரைக்காக.

*

"தலையாட்டலை" என்றார் செண்பகராமன், மடத்துக்குத் திரும்பி வந்து. "அவன் வாயால சொல்லவும் மாட்டேங்கான்."

"மழைக்காலத்துல கீழ்த்துறை வழியா நீங்க போயிருக்கீங்களா அண்ணாச்சி?"

அவர் யோசித்தார்.

"இல்லை. எங்க வீட்டுச் சாவெல்லாம் கோடையில."

"கொடுத்துவச்ச குடும்பம்" என்றார் உலகம்மை.

அது ஐப்பசி. ஆற்றில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

செண்பகராமன் கீழ்த்துறைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாறை வழுக்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நடு ஆற்றில் நெஞ்சைத் தொட்டது. கைகள் தாமாக மேலே போயின.

இரண்டு கைகளையும் தூக்கியபடி அவர் அப்படியே நின்றார்.

அந்த உயரத்தில் கைகள் எதைத் தாங்க வேண்டியிருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாடக்கண்ணுவின் அம்மா இறந்தது போன வருடம், இதே ஐப்பசியில். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே தட்டில் பழையது போட்டவள். அப்போது தேர்தல் நேரம். செண்பகராமன் துக்கத்துக்குப் போகவில்லை. விசிறிக் கட்சி வீட்டு வாசலில் அவரைப் பார்த்தால் கட்சியில் என்ன பேசுவார்கள் என்று இருந்துவிட்டார்.

*

ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றவரை மாடக்கண்ணு ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னவே, விழுந்துட்டீரா?"

"ஆத்தாவைக் கொண்டு போனப்போ தண்ணி எவ்வளவு?"

மாடக்கண்ணு உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்தார். கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கழுத்தளவு."

"யாரு யாரு தூக்குனீங்க?"

"தூக்க ஆள் பத்தலை. உம்ம கட்சிக்காரன் ஒருத்தனும் வரலையே. கொள்ளிச்சட்டியைத் தம்பி கையில குடுத்துட்டு நானே தோள் குடுத்தேன். பாதி ஆத்துல ஒருத்தனுக்குக் கால் வழுக்கிருச்சு. பாடை சாஞ்சிருச்சு. ஆத்தா கை ஒண்ணு கீழ இறங்கிருச்சு."

அவர் ஆட்டைப் பார்த்தபடி பேசினார்.

"கரை ஏறுற வரைக்கும் தண்ணியில கோலம் போட்டுக்கிட்டே வந்துச்சு, அந்தக் கை."

செண்பகராமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆறு அவருக்கு நெஞ்சு வரைதான் வந்திருந்தது.

"மாடக்கண்ணு தரப்பு" என்று தொடங்கினார். துண்டைத் தோளில் போட்டார். மறுபடி தொடங்கினார். "மாடக்கண்ணு தரப்பு இது. பெத்தவளை நனையாம வழியனுப்பணும். தனக்குக் குடுத்துவைக்கலை. இந்த ஊர்ல இனி ஒருத்தனுக்கும் அப்படி நடக்கக் கூடாது."

மாடக்கண்ணு ஆட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பிறகு தலையாட்டினார்.

"இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமேடா?" என்றார் செண்பகராமன்.

"சொன்னா நீரு சிரிச்சிருப்பீரு."

செண்பகராமன் மறுக்க வாயெடுத்தார். தருக்கம் படித்தவர். "சிரிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார்.

*

மறுநாள் இருவரும் மடத்துக்கு வந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வாசலுக்கு வெளியே, அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் பாதியாக, காத்து நின்றார்கள்.

"பரபக்கம் ஆச்சு" என்றார் உலகம்மை. "இனி உங்க தரப்பைச் சொல்லலாம் அண்ணாச்சி."

செண்பகராமன் தொண்டையைச் செருமினார்.

"அதை நான் சொல்றேன்மா" என்றார் மாடக்கண்ணு.

"முறையில அப்படி இல்லைடா."

"முறை எழுதுனவங்க யாரும் இப்போ இல்லை" என்றார் உலகம்மை. "நீங்க சொல்லுங்க."

மாடக்கண்ணு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மழை பெய்ஞ்சா இவரு குடை எடுத்துக்கிட்டு மேல்துறைக்குப் போயிருவாரு. கடைசிப் பிள்ளை கரை ஏறுற வரைக்கும் வீடு திரும்ப மாட்டாரு. சின்னத்துக்கு விளம்பரம் தேடுறாருன்னு நான் போஸ்டர் ஒட்டுனேன்."

"நாலு தெருவுலயும்" என்றார் செண்பகராமன்.

"விளம்பரம்னா ஆள் பாக்குற இடத்துல நின்னுருப்பாரு. இவரு புளியமரத்துக்குப் பின்னால நிப்பாரு. பிள்ளைகளுக்கே தெரியாது. இவருக்குப் பயம், அம்மா. சின்னப் பயலுகளா இருக்கும்போது நான் அந்தத் துறையில முங்கிட்டேன். இவருதான் முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. பிழைச்சவன் நான். எனக்கு அன்னைக்கே பயம் போயிருச்சு. இவருக்கு இன்னும் போகலை."



செண்பகராமன் தலையாட்டவில்லை.

"தப்பாச் சொல்லிட்டாரா?" என்றார் உலகம்மை.

"இல்லை."

"பிறகு?"

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

மாடக்கண்ணு இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை போஸ்டரை விட்டுவிட்டார்.

செண்பகராமன் தலையாட்டினார். ஆட்டி முடித்ததும் சொன்னார்: "பாலம் கீழ்த்துறையிலயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குத்தான் நான் நிக்கேனே."

"நீரு இன்னும் எத்தனை மழைக்கு நிப்பீரு? மேல்துறைதான்."

"ஆத்தாவுக்காகக் கேக்கேன்."

"ஆத்தாவைக் கொண்டு போயாச்சு. அவளே இருந்தாலும் பிள்ளைகளைத்தான் முதல்ல கேப்பா."

"அவ கேப்பா. நான் கேக்க மாட்டேன்."

"நீரு என்னைக்குத்தான்வே நான் சொன்னதைக் கேட்டிருக்கீரு?"

குரல்கள் உயர்ந்தன. ஒருவர் எழுந்தார். மற்றவரும் எழுந்தார்.

வெளியே நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பக்கமும் நிம்மதியாக மூச்சு விட்டது. தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை.

உலகம்மை வாசலுக்கு வந்தார்.

"அம்மா, யாரு ஜெயிக்காங்க?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"ரெண்டு பேரும் தோக்கத்தான் பாக்காங்க" என்றார் உலகம்மை. "இன்னும் முடியலை."