சேவல் கதையின் கடைசித் தாள்

“கிழிச்சிட்டாங்கம்மா. அஞ்சு புக்லயும் கிழிச்சிட்டாங்க,” என்றார் குலசேகரன்.

வந்தவர் உட்காரவில்லை. துணிப்பையிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்து மேசைமேல் போட்டார். ஐந்தும் ஒரே நாவல், அவர் எழுதியது.

சூளைப் பகுதியில் ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி அது. அங்கே உட்கார்ந்துதான் பிலோமினா குழந்தைகளுக்கு நாவல் எழுதுவார்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு அறுபத்தாறு. தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்று, எழுத ஆசை வந்து, ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் முதல் மாடியிலிருந்து மூச்சு வாங்க ஏறி வருகிறவர்.

பிலோமினா பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தெருப் பிள்ளைகள் மின்சாரப் பெட்டியைத் தாண்டும்போது மட்டும் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எட்டு நாளாக அவருக்கு ஒரே குடைச்சல். வேலை வெட்டி இல்லாதவர் என்று குடியிருப்பில் பேச்சு. அந்த வேடிக்கையெல்லாம்தான் நாவலாகிறது என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

“என்னத்தைக் கிழிச்சிட்டாங்க சார்?”

“கடைசித் தாள். அஞ்சுலயும் அதே தாள்.”

கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் இருந்தது. அந்த ஐந்து பிரதிகளும் அங்கிருந்து எடுத்துவந்தவை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிலோமினா குடியிருப்போர் சங்கத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய அறை. சங்கத்துக்கு அந்த அறைமேல் ஒரு கண். பூட்டிவிட்டால் பத்து பைக் நிறுத்தலாம். ஒரு சாக்குத்தான் கிடைக்கவில்லை.

சாக்கு இப்போது குலசேகரனின் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினார். செயலாளருக்குப் புகார்க் கடிதம். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் நூலகத்துக்குள் விடக் கூடாது. நாளைக் காலைக் கூட்டத்தில் கொடுப்பதாக இருந்தார்.

பிலோமினா கடிதத்தைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. அறை போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எதிரில் நின்றவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்டது வேறு.

“அந்தத் தாள்ல என்ன சார் இருந்துச்சு?”

குலசேகரனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. போன வருஷம் இதே அறையில்தானே வாசித்துக் காட்டினார்? அந்தத் தாள் வேண்டாம் என்று அப்போது சொன்னவரும் இவர்தானே? ஆனாலும் சொன்னார்.

ஒரு சிறுமி, மொட்டை மாடியில் சேவல் வளர்க்கிறாள். கூவுவது தொல்லை என்று குடியிருப்பில் சண்டை. சேவலை லிஃப்ட் அறையில் ஒளித்துவைக்கிறாள். பிடிபடுகிறாள். கடைசித் தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். அனுப்புநர், பெறுநர், ஐயா, இனி இத்தகைய தவறு நிகழாது என உறுதி கூறுகிறேன், தங்கள் கீழ்ப்படிதலுள்ள. முழுசாக ஒரு பக்கம்.

“கதைக்கு முக்கியமான தாள்மா. அதைப் போய் கிழிச்சிருக்குதுங்க. யாருன்னு தெரிஞ்சாகணும்.”

“எனக்கும் தெரிஞ்சாகணும். எதுக்குக் கிழிச்சாங்கன்னு.”

குலசேகரன் முறைத்தார்.

“நாலு மணிக்கு நூலகத்துல எல்லாரும் இருப்பாங்க. போய்க் கேளுங்க சார். யாருன்னு மட்டும் கேக்காதீங்க. எதுக்குன்னு கேளுங்க.”

“கேட்டா சொல்லிடுவாங்களா?”

“உக்காந்து கேளுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் பால்கனிக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குக் குலசேகரன் நூலகத்தில் நுழைந்ததும் தரையில் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அவரைப் பார்த்தால் பெரியவர்களுக்கே எழுந்திருக்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார்.

எதுக்குக் கிழித்தீர்கள் என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னல் கலைந்த ஒரு சிறுமி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். இன்னொருவன் நோட்டு அட்டைக்குள்ளிருந்து எடுத்தான். ஐந்து தாளும் வந்துவிட்டன.

பின்னல் கலைந்தவள்தான் விளக்கினாள். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மிஸ் முன்னால் நின்றுகொண்டே எழுத வேண்டும். பிழை இருந்தால் முதலிலிருந்து. தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டால் பார்த்து எழுதிவிடலாம். புத்தகத்தையே வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வார்கள்.

“உங்க லெட்டர்ல தப்பே இல்ல சார். மிஸ் திருப்பி எழுதச் சொன்னதே கிடையாது.”

குலசேகரனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் கோபம் திரும்பி வந்தது. தாள்களை அள்ளிக்கொண்டு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார்.

“ஆதாரம் கிடைச்சிருச்சு. திருட்டுத்தனமா காப்பி அடிக்கத்தான் கிழிச்சிருக்குதுங்க. ஓரத்துல பென்சில்ல பேர்கூட இருக்கு, பாருங்க.”

“எதுக்கு பேரு?”

தாள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிவதற்காம். அவரவர் பெயரும், கடிதத்தில் போட வேண்டிய காரணமும்.

“வாசிங்க சார்.”

குலசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாசித்தார்.

“வகுப்பில் சிரித்ததற்காக.”

“சரி.”

“ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்ததற்காக.”

பிலோமினா கிட்டே வந்து தாளைக் குனிந்து பார்த்தார்.

“தண்ணீர் குடிக்க இரண்டாவது முறை கேட்டதற்காக. மழை வருது என்று சத்தமாகச் சொன்னதற்காக. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதால்...” நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். “அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதால் பின்னல் சரியாகப் போடாமல் வந்ததற்காக.”

“இதுக்கெல்லாமா சார் மன்னிப்பு?” பிலோமினாவின் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து குலசேகரன் கேட்டதில்லை. “யாரு யாருகிட்ட கேக்கணும்?”

மழை வருகிறது என்று சொன்னதற்கு ஒரு பிள்ளை யாரிடம் என்ன மன்னிப்புக் கேட்க வேண்டும்?

குலசேகரன் தாள்களை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“என் பீரோல ஃபைல் ஃபைலா இருந்துச்சும்மா. முப்பத்திரண்டு வருஷத்து மன்னிப்பு லெட்டர். காரணத்தை நான் படிச்சதே இல்ல. சிவப்பு மையில எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு வெச்சிருவேன்.”

“இன்னும் ஒரு தாள் இருக்கு சார்.”

ஐந்தாவது தாளைப் பிரித்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். பிலோமினாவிடம் நீட்டினார். அவர் வாசித்தார்.

“பாட வேளையில் மேசைக்கடியில் வைத்துச் சேவல் கதை படித்ததற்காக. தன்ஷிகா, ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.”

கீழே தெருவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிலோமினாகூட எட்டிப் பார்க்கவில்லை.

குலசேகரன் நாற்காலியை இழுத்து, அன்றைக்கு முதல்முறையாக, அந்த வீட்டில் உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த புகார்க் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

அனுப்புநர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதை அப்படியே விட்டார்.

பெறுநர் என்ற இடத்தில் செயலாளரின் பெயர் இருந்தது. அதை அடித்தார். அதன்மேல் தன்ஷிகா என்று எழுதினார். கீழே இருந்த புகார் முழுவதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“இன்னும் தாள் இருக்குமாம்மா?”

“எத்தனை சார் வேணும்?”

குலசேகரன் முப்பத்திரண்டு வருஷத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது, எண் வரவில்லை.

பிலோமினா உள்ளே போனார். அடுத்த நாவலுக்கென்று வாங்கிவைத்திருந்த தாள்கட்டை, உறை பிரிக்காமல், கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.