ஆகாசம் இல்லாத படம்

"டீச்சர், இந்தப் படத்துல ஆகாசமே இல்லையே!"

மந்திரமூர்த்தி தன் விமர்சனக் கட்டுரையை நீட்டினார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதுக்கு மேல் ஓவிய விமர்சனம் எழுத ஆசை வந்து, தூத்துக்குடியில் கலைப் பத்திரிகை நடத்தும் ஜெசிந்தாவிடம் பாடம் கேட்டு வந்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு.

ஜெசிந்தா படித்தாள். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்திருந்தார் மனிதர். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் பேச்சித்தாய் முதன்முதலாகக் கண்காட்சிக்கு வைத்த படம் அது. மேலிருந்து கீழ்வரை உப்புப் பாத்திகள் மட்டும்தான். 'தான் நிற்கும் இடத்தையே பார்க்காத கை' என்று கட்டுரையை முடித்திருந்தார்.

"இது அச்சுல வந்தா அவ பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுருவா சார்."

"அதுக்காகப் பொய் எழுத முடியுமா? அளத்துல முக்கால்வாசி ஆகாசம்தான் டீச்சர். ஜீப்புல எத்தனை தடவை போயிருக்கேன்!"

ஜெசிந்தா அவரை ஸ்கூட்டரில் ஏற்றி நேரே அளத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வேலையில் இருந்த பேச்சித்தாயிடமிருந்து உப்பு வாரும் பலகையை வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த ஒரு பாத்தி மட்டும் சார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தாசில்தார் வீறாப்பு பத்து இழுப்புக்குத்தான் தாங்கியது. அப்புறம் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தியது. கால் வெடிப்பெல்லாம் எரிந்தது. பாவம், பிடிவாதக்காரர். பாதியில் விடவில்லை.

ஒருவழியாக முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

"தலைக்கு மேல பூநாரைக் கூட்டம் போச்சே, பாத்தீங்களா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"எப்ப?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

பேச்சித்தாய் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"உன் படத்துல ஆகாசம் இல்லன்னு எழுதிட்டேம்மா."

"நெசந்தான சார்," என்று சிரித்தாள் அவள். "மழை வரட்டும். அளத்துல வேலை நின்னுரும். அப்பம் நிமுந்து பாத்து வரையுதேன்."