உப்பில்லாத ரசம்

டாக்டர் அருள்நேசன் ஐம்பது வயதில் மனநல மருத்துவம் படிக்க வந்தவர். அதற்கு முன் இருபது வருஷம் கோவில்பட்டிப் பக்கம் காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று சகலத்துக்கும் வைத்தியம் பார்த்தார். அவருடைய பேராசிரியர் பத்மாசனி அவரைவிட எட்டு வயது இளையவர். கேள்வி கேட்க அருள்நேசன் வயது பார்ப்பதில்லை.

அன்று வார்டில் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

"மேடம், அதே லித்தியம். அதே ரெண்டு மாத்திரை. ரெண்டு வருஷமா இந்த மனுஷனைக் காப்பாத்துச்சு. இப்ப எப்படி விஷமாச்சு?"

கட்டிலில் கிடந்தவர் பஸ் கண்டக்டர் வெயிலுமுத்து. ஒரு காலத்தில் நாலு நாள் தூங்காமல், பறக்கப் போவதாகச் சொல்லி பஸ் கூரைமேல் ஏறியவர். மூன்று மருந்து மாற்றியும் அடங்காத அந்த வேகம் லித்தியத்துக்குத்தான் கேட்டது. ஒழுங்காக டூட்டிக்குப் போய்வந்தார். இப்போது கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது. ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு.

"கூடுதலா போட்டிருப்பாரோ?" என்றார் பத்மாசனி.

"மாத்திரை அட்டையை எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடக் கூடுதலா போடலை."

பத்மாசனி மேலே தொங்கிய பாட்டிலைக் காட்டினார். "இதுல என்ன ஏறுது?"

"சலைன். உப்புத் தண்ணி."

"எதுக்கு?"

"உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி லித்தியத்தையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். உப்பு கிடைச்சா விட்டுடும்."

பாடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இவருக்கு எதனால குறைஞ்சுது?"

"அதான் புரியலை மேடம். வாந்தியில்லை, பேதியில்லை."

வெயிலுமுத்துவின் மனைவி சண்முகக்கனி டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். பத்மாசனி அவள் முன்னால் கையை நீட்டினார்.

"ரசம் கொஞ்சம் ஊத்துங்கம்மா."

உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். "சாருக்கும் ஊத்துங்க."

அருள்நேசன் குடித்தார். சப்பென்று இருந்தது.

"உப்பு போடலையா?"

"போன மாசம் இந்த சார்தான் பிரஷர் லேசா இருக்கு, உப்பைக் குறைங்கன்னு சொன்னாவ. குறைக்கிறதென்ன, சுத்தமா நிறுத்திட்டோம். புள்ளைகளுக்கும் அதே சாப்பாடுதான்." அவள் முகத்தில் பெருமை தெரிந்தது.

இருபது வருஷமாக, பிரஷர் பார்த்த கையோடு அருள்நேசன் வாயில் தானாக வரும் வார்த்தை அது. லித்தியம் சாப்பிடுகிறவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

"அந்த மாத்திரைதான் இவுகளைப் படுத்துது சார்," என்றாள் சண்முகக்கனி. "பொழைச்சு எந்திரிக்கட்டும். இனிமே அதைத் தொட விடமாட்டேன்."

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"நான் சொன்னதாலதான் இப்படி ஆச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லணுமா மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பழி மாத்திரை மேலேயே இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சொன்னா அதுக்கப்புறம் என்னை நம்புவாங்களா?"

"நம்பாமப் போகலாம். டாக்டருங்க நாம நிறைய பேர் இருக்கோம் சார். அவருக்குக் கேக்குற மாத்திரை அது ஒண்ணுதான்."