துண்டுக்கு அடியில் நடந்த யுத்தம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆனைமேடு என்கிற நாட்டைக் கொற்றமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் தங்கமான மனுஷன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்படி இருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

ஒரு நாள் பக்கத்து நாட்டு ராஜா ஒரு கூடை மாம்பழம் அனுப்பினான். அதில் ஒன்று புளித்துவிட்டது. ராஜா முகத்தைச் சுளித்ததுதான் தாமதம், சேனாதிபதி வீரகண்டன் வாளை உருவி, இது பழமல்ல, அவமானம், படையெடுத்தே ஆகவேண்டும் என்றான். ராஜாவுக்கு நாக்கில் புளிப்பு இன்னும் போகவில்லை, தலையை ஆட்டிவிட்டான். சபையில் இருந்த மற்ற பதினோரு பேரும் "யுத்தம், யுத்தம்" என்று தொடையைத் தட்டினார்கள்.

ஒரு மாம்பழத்துக்காக எங்கள் பிள்ளைகள் ஏன் சாகவேண்டும் என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது மேலிடத்தில் என்ன செய்வார்கள்? சட்டம் போடுவார்கள். யுத்தத்தைப் பற்றி எவனும் அபிப்பிராயம் பேசக்கூடாது, பேசினால் நாக்கு போகும் என்று வீரகண்டன் பறை அறைவித்தான். யுத்தம் வேண்டும் என்று கத்துவது மட்டும் அபிப்பிராயத்தில் சேராதாம், அது தேசபக்தியாம்.

ஊர் கப்சிப் ஆனது. மாட்டுச்சந்தை மட்டும் என்றைக்கும் இல்லாத ஜோராக நடந்தது. அங்கே விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். சடையாண்டி என்று ஒரு தரகன். மூக்குக்கு மேல் கோபம். அவன்தான் அந்தத் துண்டுக்குப் புது வேலை கொடுத்தான். ஒரு விரலை நீட்டினால் யுத்தம் வேண்டும். கையை மூடினால் வேண்டாம். வாயைத் திறக்காமலே சந்தை முழுவதும் பேசித் தீர்த்தது.

உற்சாகத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. மாட்டைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். வீரகண்டன் குதிரையில் வந்து பார்த்தால், நாற்பது ஜோடி ஆட்கள் துண்டு போட்டுக் கைகோத்து நிற்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு கன்றுக்குட்டி இல்லை.

யோசனை யாருடையது என்று விசாரித்து, சடையாண்டியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். பத்து விரலையும் வெட்டவேண்டும் என்றான் வீரகண்டன். கொலைக்களத்தான் கத்தியோடு வந்து நின்றான். தரகனுக்கு விரல் போனால் பிழைப்பு போச்சு.

"சட்டம் நாக்குக்குத்தானே போட்டீங்க மகாராஜா, விரலுக்கு எங்க போட்டீங்க?" என்றான் சடையாண்டி.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "விரல் என்னடா சொல்லிற்று?"

"சந்தை பூரா வேண்டாம்னு சொல்லிச்சு."

மாடு பிடிப்பவனுக்கு அரசியல் என்ன தெரியும், என் சபையில் பன்னிரண்டு பேரும் யுத்தம்தான் கேட்கிறார்கள் என்றான் ராஜா. அப்படியானால் சபையிலும் ஒரு துண்டு போட்டுப் பார்க்கலாம் என்றான் சடையாண்டி. "ஒரே ஒரு கை யுத்தம்னு சொன்னாலும் என் பத்து விரலும் உங்களுக்கு. ஒண்ணுகூடச் சொல்லலைன்னா எனக்கு என்ன தர்றீங்க?"

"உன்னை விட்டுவிடுகிறேன்."

"அது என்னோட விரல், ஏற்கெனவே என்கிட்டதான் இருக்கு. சட்டத்தை எடுக்கணும்."

ராஜா தாடையைத் தடவி, சரி என்றான்.

"யுத்தத்தையும் நிறுத்தணும்."

"முடியாது."

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டுப்படியாகாது என்று கொலைக்களத்தானை நோக்கி விறுவிறு என்று நடந்தான். கையை நீட்டி, "வெட்டுப்பா, நேரமாகுது" என்றான். சந்தையில் மாட்டை வாங்க வந்தவன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே ராஜாவும் கூப்பிட்டான்: "ஏய், இரு இரு. வா இப்படி. ரெண்டும் சரி."

சபை நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதில் ஓட்டை போட்டார்கள். திரைக்குப் பின்னால் ராஜா. ஒவ்வொருவரும் மோதிரம், கடகம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வரிசையில்லாமல் வந்து, யுத்தம் என்றால் ஒரு விரலை நீட்டி, வேண்டாம் என்றால் மூடி, கையை உள்ளே விடவேண்டும். யார் கை என்று ராஜாவுக்குத் தெரியாது. தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கை ஈரமாக இருந்தது, ஒன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்த ராஜா கூச்சம் தாங்காமல் நெளிந்தான்.

வெளியே வந்து, கடைசியாக ஒருமுறை வாயால் சொல்லுங்கள் என்றான். "யுத்தம்" என்று கூரை அதிரக் கத்தினார்கள். எல்லோரையும்விட வீரகண்டன்.

ராஜா கிரீடம் உருண்டு ஓடுகிற அளவுக்குச் சிரித்தான். "பன்னிரண்டு கை வந்தது. பன்னிரண்டும் மூடியே வந்தது. வீரகண்டா, அதில் உன்னுடையது எது?"

வீரகண்டன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

யுத்தம் நின்றது, சட்டம் போயிற்று. சடையாண்டிக்கு ராஜா தன் பட்டு உத்தரீயத்தையே போர்த்தினான். வீரகண்டனுக்கு ஒரு வேலை கொடுத்தான்: சந்தைதோறும் காவலுக்கு நிற்கவேண்டும், பேசுகிற வாயை எவனாவது மூட வந்தால் தடுக்கவேண்டும்.

அடுத்த சந்தையில் முதலில் வாயைத் திறந்தவன் செக்கு ஓட்டுகிற பொன்னம்பலம். ராஜா கோழை, யுத்தத்துக்குப் போயிருக்கவேண்டும், தடுத்த தரகனும் கோழை என்று வண்டிமேல் ஏறி நின்று கத்தினான். சடையாண்டிக்கு ரத்தம் கொதித்தது. பட்டு உத்தரீயத்தைச் சுருட்டி அவன் வாயில் அடைக்கவே பாய்ந்துவிட்டான்.

வீரகண்டன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "அவன் பேசட்டும். ராஜ உத்தரவு."

சடையாண்டி பல்லைக் கடித்தான். கையில் இருந்த பட்டைப் பார்த்தான். பிறகு அதை விரித்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.

"சரி, பேசு. ஆனா நான் பேசுறப்ப நீ இறங்கி ஓடக்கூடாது."

பொழுது சாயும்வரை இருவரும் கத்தினார்கள். அன்றைக்கு ஒரு மாடும் விற்கவில்லை.